போன் வழி வைத்தியம்: கொழும்பில் இருப்பவருக்கு ஓர் அறிமுகம்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருக்கும் ஏதாவது ஒரு ஃபார்மசியில் மாலை நேரத்தில் சற்று நின்று பாருங்கள். மருந்துத் துண்டை நீட்டுகிறவர்களுக்கு நடுவே போனை நீட்டுகிறவர்களும் இருப்பார்கள். "தம்பி, இந்தக் குளிசை இருக்கா?" என்று ஓர் அன்ரி வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காட்டுவார். கவுண்டரில் நிற்பவர் அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அன்ரி, மற்றப் பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. எத்தனை மில்லிகிராம் எண்டு இதில தெரியேல்லை" என்பார். வீட்டில் இருக்கும் பேரப்பிள்ளை இன்னொரு படம் அனுப்புவான். பெயரும் அளவும் சரியாகத் தெரிந்த பிறகுதான் குளிசை கைக்கு வரும்.

'எம்-ஹெல்த்' என்று துறைசார்ந்தவர்கள் சொல்வது இதையும் சேர்த்துத்தான். மொபைல் ஹெல்த் என்பதன் சுருக்கம் அது. கைத்தொலைபேசியையும் அதைப் போன்ற கையடக்கக் கருவிகளையும் கொண்டு செய்யப்படும் எந்த வைத்திய, பொதுச் சுகாதார வேலையும் இதற்குள் அடங்கும். இந்தப் பெயரைக் கேட்டதும் இதயத் துடிப்பு எண்ணும் விலையுயர்ந்த கைக்கடிகாரம்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. ஆனால் பட்டன் போனில் அம்புலன்ஸ் கூப்பிடுவது, கிளினிக் நாளை எஸ்.எம்.எஸ். நினைவூட்டுவது, பொதுச் சுகாதார பரிசோதகர் டெங்கு வந்த வீட்டை வரைபடத்தில் குறித்துக்கொள்வது எல்லாமே இதில் அடங்கும். உயிரைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பகுதி இந்தச் சாதாரண பயன்பாடுகளில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

எதற்காகக் கணினியை விட்டுவிட்டுப் போனைப் பிடித்தார்கள்? அது ஏற்கனவே எல்லார் கையிலும் இருக்கிறது. தெற்காசியாவின் முதல் கைத்தொலைபேசி வலையமைப்பு 1989இல் இலங்கையில்தான் தொடங்கியது. செல்டெல் என்பது அதன் பெயர். அன்று அது பணக்காரர் காரில் வைத்திருந்த பொருள். இன்று நாட்டில் உள்ள இணைப்புகளின் எண்ணிக்கை மக்கள் தொகையையே தாண்டிவிட்டது. புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவரிடமும் போன் இருக்கிறது. ஆளுக்கொரு கணினியும் இணையமும் கொடுத்துச் சுகாதார சேவை தொடங்குவதென்றால் எந்த ஏழை நாட்டாலும் முடிந்திருக்காது.

போனுக்கு நோயைக் குணமாக்கத் தெரியாது. நோயாளிக்கும் அவருக்கு உதவக்கூடிய ஆளுக்கும் நடுவே கிடக்கும் தூரத்தையும் நேரத்தையும் அது குறைக்கிறது, அவ்வளவுதான். அதனால் இப்படியான எந்தச் சேவையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: மறுமுனையில் யார் இருக்கிறார், அவர் பேசுவது நமக்கு விளங்குமா?

இதற்கு நம் நாட்டில் உள்ள மிகச் சிறந்த உதாரணம் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கம். இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 வண்டிகளோடு தொடங்கிய இந்த 'சுவ செரிய' அம்புலன்ஸ் சேவை, 2018இல் வடக்குக்கும் பிறகு நாடு முழுவதற்கும் விரிந்தது. வண்டிகளின் எண்ணிக்கை 297 ஆனது. அதே 2018இல் தனிச் சட்டம் ஒன்றின் மூலம் இதற்கென ஒரு மன்றமும் அமைந்தது. அழைப்பும் இலவசம், பயணமும் இலவசம். அதற்கு முன்பு கொழும்பில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் த்ரீவீலர் பிடித்து ஓடுவதுதான் வழக்கம். வழியில் மூச்சு நின்றால் அந்தச் சாரதியால் என்ன செய்ய முடியும்?

1990 எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இந்தத் துறையின் அடிப்படையே விளங்கிவிடும். அழைப்பு மத்திய நிலையத்துக்குப் போகிறது. அங்கே இருப்பவர் என்ன நடந்தது, நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா என்று கேட்டுப் பதிகிறார். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது ஜி.பி.எஸ். மூலம் அவருடைய திரையில் தெரிகிறது. பக்கத்தில் இருக்கும் வண்டிக்குச் செய்தி போகிறது. அதில் சாரதியோடு பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் வருகிறார். ஒட்சிசன் கொடுப்பதும் இரத்தப்போக்கை நிறுத்துவதும் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகின்றன. இவ்வளவையும் ஒன்றாகக் கோர்ப்பது போன்தான்.

கொழும்புக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, தெமட்டகொடை பக்கத்தில் தோட்டம் என்று சொல்லப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே இலக்கத்தின் கீழ் எத்தனையோ வீடுகள் இருக்கும். முதல் இலக்கம், ஒரு சாய்கோடு, பிறகு இன்னொரு இலக்கம் என்று விலாசம் போகும். இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத ஒழுங்கைக்குள் அந்த வீட்டைப் பகலிலேயே கண்டுபிடிப்பது கஷ்டம். இந்த இடத்தில்தான் ஸ்மார்ட்போனின் இட அடையாளம் விலாசத்தைவிடப் பயன்படும். 1990இன் செயலி அழைப்பவரின் இடத்தையும் சேர்த்தே அனுப்பும். பட்டன் போனாக இருந்தால் அருகே உள்ள டவர் எதுவென்பதை வைத்துக் குத்துமதிப்பாகத்தான் இடம் தெரியும். ஆகவே கோவில், பள்ளிவாசல், பெரிய கடை என்று வண்டி வரக்கூடிய தெருவில் உள்ள அடையாளம் ஒன்றைச் சொல்லிவிட்டு, ஒருவரை ஒழுங்கை முகப்பில் நிற்க வையுங்கள். தமிழிலேயே பேசலாம். பதற்றத்தில் அரைகுறைச் சிங்களத்தில் தடுமாறுவதைவிட நிதானமாகத் தமிழில் சொல்வது எவ்வளவோ நல்லது.

அடுத்தது செனலிங். ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க நம்பர் போடுவதற்கு விடியற்காலையில் தனியார் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நிற்கும் பழக்கத்தை இ-செனலிங், டொக்990 போன்ற சேவைகள் பெருமளவு குறைத்துவிட்டன. டொக்டரின் பெயரைத் தேடி, நாளைத் தெரிந்து, காசு கட்டினால் நம்பர் போனுக்கு வந்துவிடும். பிள்ளைகள் டொரொன்டோவிலோ லண்டனிலோ இருக்க, பெற்றோர் வெள்ளவத்தை அடுக்குமாடியில் தனியாக வாழும் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். மகள் அங்கிருந்தே செனல் பண்ணிவிட்டு, "அம்மா, வியாழக்கிழமை அஞ்சரைக்கு, நம்பர் பன்னிரண்டு" என்று குரற்பதிவு போட்டுவிடுகிறாள். ஆனால் நம்பர் எடுக்கும் சிரமம் போனதே தவிர, டொக்டர் பிந்தி வந்தால் மண்டபத்தில் காத்திருக்கும் சிரமம் போகவில்லை. அதற்கு மருந்து செயலியில் கிடையாது. ஆஸ்பத்திரி நிர்வாகத்தில்தான் இருக்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்துக்கு வருகிறேன். அது கென்யாவில் நடந்தது. எச்.ஐ.வி. மருந்து தினமும் தவறாமல் எடுக்க வேண்டிய ஒன்று. இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும். அங்கே மூன்று கிளினிக்குகளில் 538 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். மற்றக் குழுவுக்கு வாரம் ஒரு எஸ்.எம்.எஸ். போகும். அதில் சுவாஹிலி மொழியில் ஒரேயொரு சொல்தான்: 'மாம்போ?' எப்படிச் சுகம் என்று நண்பர்கள் கேட்டுக்கொள்வது. நோயாளி 48 மணித்தியாலத்துக்குள் நல்லம் என்றோ, பிரச்சினை என்றோ பதில் அனுப்ப வேண்டும். பிரச்சினை என்று சொன்னவர்களுக்கும் பதிலே போடாதவர்களுக்கும் கிளினிக்கில் இருந்து போன் வரும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, செய்தி கிடைத்த குழுவில் 62 சதவீதத்தினர் மருந்தை ஒழுங்காக எடுத்ததாகச் சொன்னார்கள். மற்றதில் 50 சதவீதத்தினர். 2010இல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளியானது.

அந்தச் செய்தியில் மருந்து என்ற சொல்லோ நோயின் பெயரோ இல்லை என்பதைக் கவனியுங்கள். போனை மனைவியோ அயலவரோ எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. செய்தி அனுப்பியதோடு வேலை முடியவும் இல்லை. பதில் வராவிட்டால் தேடி அழைக்க ஓர் ஆள் இருந்தார். இந்த இரண்டையும் விட்டுவிட்டு வெறும் நினைவூட்டல் அனுப்பும் திட்டங்கள் நாளடைவில் விளம்பர எஸ்.எம்.எஸ்.களோடு சேர்ந்து வாசிக்கப்படாமலே போகும்.

நம்மூரில் இது எங்கே பொருந்தும்? சீனி வருத்தம், பிரஷர். மாதாமாதம் கிளினிக் போய், கொப்பியில் அடுத்த திகதியை எழுதி வாங்கி, ஒரு மாத மருந்தோடு வருகிறார்கள். ஒரு மாதம் தவறினால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். உடம்பில் ஒன்றும் தெரியாததால் நல்லாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கால் புண் ஆறாமல் திரும்பி வரும்போதுதான் விஷயம் தெரிகிறது. தவறியவரை மறுவாரமே கூப்பிட்டு "ஏன் ஐயா வரேல்லை?" என்று கேட்கும் ஒரு குரல் எத்தனை கால்களைக் காப்பாற்றும்!

குரல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு எஸ்.எம்.எஸ். உதவாது. இந்தியாவில் 'கில்காரி' என்ற அரச சேவை கர்ப்பிணிகளுக்கும் புதுத் தாய்மாருக்கும் வாரம் ஒருமுறை பதிவுசெய்த குரலில் பேசுகிறது. கர்ப்பத்தின் நடுப்பகுதியில் தொடங்கி குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை மொத்தம் 72 செய்திகள். சாதாரண அழைப்பு போலவே வரும். டேட்டா தேவையில்லை, ரீலோட் முடிந்திருந்தாலும் கேட்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒருவருடைய உடல்நலம் பற்றியது. ஊர் முழுவதன் நலனுக்கும் போன் வேலை செய்கிறது. இதை டெங்குவை வைத்துப் பார்ப்போம். ஒருவருக்கு டெங்கு என்று வைத்தியசாலையில் சந்தேகம் வந்தால் எச்-544 என்ற படிவம் நிரப்பப்பட்டு, அவர் வசிக்கும் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகும். அங்கிருந்து பொதுச் சுகாதார பரிசோதகர், நாம் பீ.எச்.ஐ. என்று சொல்பவர், வீடு தேடி வந்து பூச்சட்டியும் கூரைப் பீலியும் பார்ப்பார். கடதாசியாகத் தபாலில் போன காலத்தில் இந்தப் பயணத்துக்கு நாட்கள் பிடிக்கும். நுளம்பு முட்டையில் இருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். படிவம் நடந்துகொண்டிருக்க நுளம்பு பறந்துவிடும். 2017இல் இலங்கையில் 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள், அவர்களில் பெரும் பங்கு மேல் மாகாணத்தில். வேகம் எவ்வளவு முக்கியம் என்பதை அந்த வருடம் கொழும்பில் இருந்த எந்தக் குடும்பமும் மறக்காது.

போனில் படிவம் நிரப்பினால், பொத்தானை அழுத்திய கணமே அது பணிமனைத் திரையில் தெரியும், ஜி.பி.எஸ். புள்ளியும் கூடவே போகும். ஒரே ஒழுங்கையில் மூன்று புள்ளிகள் சேர்ந்தால் அங்கே எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று கண்ணாலேயே ஊகிக்கலாம். கொழும்பு மாநகர சபையின் பீ.எச்.ஐ.மாருக்காக சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'மோ-பஸ்' என்ற முறை இதைத்தான் செய்ய முயன்றது. அதற்கும் முன்பு, ஸ்மார்ட்போன் பரவலாகாத 2008 முதல் 2010 வரையான காலத்தில், கொழும்பைத் தளமாகக் கொண்ட லேர்ன்ஏஷியா ஆய்வு நிறுவனம் குருநாகலிலும் தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு முன்னோடித் திட்டம் நடத்தியது. கிராமத்து மருந்தகங்களில் பதிவாகும் நோய்க்குறிகளைச் சாதாரண போனில் அடித்து அனுப்புவார்கள். வழக்கத்துக்கு மாறாக எங்காவது காய்ச்சலோ வயிற்றோட்டமோ கூடுகிறதா என்று ஒரு மென்பொருள் பார்த்துக்கொண்டிருக்கும். இலங்கையின் சர்வோதயா தொண்டு அமைப்பும் சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்காளிகள். பாக்குநீரிணையின் இரு கரையிலும் ஒரே கேள்விக்கு ஒன்றாக விடை தேடியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

கொவிட் காலத்திலும் இப்படியான முறைகள் கைகொடுத்தன. 2020 ஜனவரியிலேயே, வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களைப் பதிந்து பின்தொடர்வதற்கு டி.எச்.ஐ.எஸ்-2 என்ற திறந்த மென்பொருளில் இலங்கை ஒரு முறையை உருவாக்கியது. பல நாடுகள் அதைப் பார்த்துத் தங்களுக்கேற்ப எடுத்துக்கொண்டன. அதே வருடம் ஊரடங்கில் அரச வைத்தியசாலை கிளினிக் மருந்துகள் தபாற்காரர் கையால் வீடு வந்தன. ஃபார்மசிகள் துண்டின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்பின. அன்று அவசரத்துக்குத் தொடங்கியது இன்று பழக்கமாகிவிட்டது.

வீடியோவில் டொக்டரோடு பேசும் வசதியும் அப்போதுதான் வீடுகளுக்குள் நன்றாக வந்தது. எதற்கு இது உகந்தது, எதற்கு உகந்ததல்ல என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்கனவே பார்த்த டொக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி அடுத்து என்ன செய்வது என்று கேட்கலாம். தோலில் வந்த தடிப்பைக் காட்டலாம். மனச்சோர்வு, நித்திரையின்மை பற்றிப் பேசலாம். வெளியே தெரிந்துவிடுமோ என்ற கூச்சத்தால் கிளினிக் படி ஏறாதவர்கள்கூட வீட்டிலிருந்து பேசுவார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும் இதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் நெஞ்சு வலி, ஒரு பக்கக் கை கால் சோர்வு, குழந்தையின் கடும் வயிற்று வலி, மூச்சுத் திணறல் இவற்றுக்கு வீடியோ அழைப்பில் ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது. 1990தான்.

டெங்கு சந்தேகம் உள்ள காய்ச்சலும் அப்படித்தான். காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்துக் கட்டம் தொடங்கலாம். உடம்பு குளிர்ந்திருப்பதைத் திரையில் பார்க்கிறவருக்குப் பிள்ளை தேறிவிட்டது போலத் தோன்றும். இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும், நாடியைப் பிடிக்க வேண்டும். போனுக்கு விரல் கிடையாது. இபுப்ரோஃபன் வகை வலிமாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது என்பதையும் வாட்ஸ்அப் குழுவில் வரும் வைத்தியக் குறிப்புகளுக்கு மேலாக நினைவில் வைத்திருங்கள். போன் கமராவில் விரலை வைத்தால் ஒட்சிசன் அளவு காட்டும் என்று சொல்லும் செயலிகளையும் நம்பி இருக்க வேண்டாம். அதற்கென்று செய்த சிறிய விரற்கருவியே வேண்டும்.

வீடியோவில் பேசப்போகும் டொக்டர் உண்மையானவரா என்று பார்ப்பது கஷ்டமில்லை. இலங்கை மருத்துவ சபையில் ஒவ்வொருவருக்கும் பதிவு இலக்கம் உண்டு. சபையின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம்.

அந்தரங்கம் பற்றியும் பேசியாக வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைக் கூடுதல் பாதுகாப்புக்குரியதாக வைத்திருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அந்தரங்கம் பெரும்பாலும் உடைவது வீட்டுக்குள்தான். சின்ன வீட்டில் ஒரே போனை நாலு பேர் பாவிப்பார்கள். கல்யாணமாகாத மகளின் பரிசோதனை முடிவு அப்பாவின் இலக்கத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை லாப் கவுண்டரில் இருப்பவர் யோசிக்க மாட்டார். நாம்தான் "எந்த இலக்கத்துக்கு அனுப்புவீர்கள்?" என்று கேட்டு, வேண்டுமானால் "அனுப்ப வேண்டாம், நானே வந்து எடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டைக் குடும்பக் குழுவில் போடுவதற்கு முன் நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்பதும் அதே மரியாதைதான்.

மொழிதான் என்னை அதிகம் உறுத்துவது. கொழும்பில் எத்தனையோ அம்மம்மாமாருக்கு வரும் வைத்தியசாலைச் செய்தி அவர்களால் வாசிக்க முடியாத எழுத்தில் வருகிறது. பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து வாசிக்கும்வரை அது போனுக்குள்ளேயே கிடக்கும். "நாளை வெறும் வயிற்றில் வரவும்" என்ற செய்தியை மறுநாள் காலை தேத்தண்ணீர் குடித்த பிறகு வாசித்து என்ன பயன்? தமிழ் எழுத்தில் செய்தி அனுப்பத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. பெரும்பாலான போன்கள் இன்று தமிழைக் காட்டும். நோயாளி பதிவில் மொழி என்ற ஒரு கட்டத்தைச் சேர்த்தால் போதும். அரசகரும மொழிகள் இரண்டு என்று அரசியலமைப்பே சொல்லும் நாட்டில் இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. அடுத்த முறை கிளினிக்கில் போன் இலக்கம் கேட்கும்போது, இலக்கத்தைச் சொல்லிவிட்டு "தமிழில அனுப்புங்கோ" என்றும் சொல்லுங்கள். அனுப்ப முடியாது என்றால், யாரிடம் எழுதிக் கேட்பது என்று அங்கேயே விசாரித்துக்கொண்டு வாருங்கள்.